லூப்பர்: மணிக்கூட்டுக்குள் இருந்த படத்தை அவன் ஏன் காட்டவில்லை?

காவல்கொட்டில் எழுதியது:

இரண்டு கிழமையாக இரவில் வயல் காவல். கதிர் பால் பிடிக்கிற நேரம், பன்றி இறங்கினால் விடியும்போது பாதி வயல் சப்பளிந்து கிடக்கும். நேற்றுத் தம்பியும் நானும் கொட்டிலில் இருந்தபடி போனில் ‘லூப்பர்’ பார்த்தோம். 2012இல் வந்தது, எழுதி இயக்கியவர் ரியான் ஜோன்சன். எனக்கு மூன்றாம் தடவை, அவனுக்கு முதல் தடவை. முடிந்ததும் தொடங்கிய வாக்குவாதம் விடியும்வரை ஓயவில்லை, ஆகவே இங்கே கொண்டு வருகிறேன். முடிவு வரைக்கும் கதைப்பேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பார்த்து நாளானவர்களுக்காகச் சுருக்கமாக: 2044ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கன்சாஸ். காலப்பயணம் இன்னும் வரவில்லை. முப்பது வருடம் கழித்து வரும், வந்த கையோடு அதைத் தடை செய்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டு உடலை மறைக்கவே முடியாது. அதனால் பாதாளக் கோஷ்டிகள் ஆளின் கையைக் கட்டி, முகத்தை மூடி, முப்பது வருடம் பின்னுக்கு அனுப்பிவிடுகின்றன. இங்கே வயலோரத்தில் ஒருவன் துவக்கோடு நிற்பான். ஆள் வந்த கணமே வெடி. முதுகில் கட்டியிருக்கும் வெள்ளிக் கட்டிகள்தான் கூலி. ஒரு நாள் வெள்ளிக்குப் பதிலாகத் தங்கம் இருந்தால், சுட்டது தன்னையே, முப்பது வயது மூத்த தன்னை. ஒப்பந்தம் முடிந்தது, மிச்ச முப்பது வருடத்தையும் ராசா மாதிரி வாழலாம். இந்தத் தொழில் செய்கிறவன்தான் லூப்பர். இளைய ஜோவாக ஜோசப் கோர்டன் லெவிட், மூத்த ஜோவாக புரூஸ் வில்லிஸ்.

முதல் காட்சியில் என்னைப் பிடித்து இருத்தியது ஒரு தறப்பாள். ஜோ அதை நிலத்தில் விரித்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்கிறான். நேரம் வந்ததும் அதன் மேல் ஆள். எங்களுக்குத் தறப்பாள் என்றால் வீடு. செட்டிகுளம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்த காலம் முழுக்க அதன் கீழேதான் படுத்தோம். மழைக்கு நடுவில் தண்ணீர் தேங்கி வயிறு மாதிரித் தொங்கும், அப்பா தடியால் உயர்த்திவிட சளார் என்று வெளியே கொட்டும். அதே சாமானை ஒருவன் செத்தவனைச் சுற்றுவதற்கென்று கொண்டுவந்து விரிப்பதைப் பார்த்தபோது, ஜோ எப்படிப்பட்டவன் என்று வசனம் இல்லாமலே விளங்கிவிட்டது. அவனுக்கு இது நாட்கூலி வேலை.

சரி, கேள்விக்கு வருகிறேன். மூத்த ஜோ தப்பி ஓடிவிட்டான். இருவரும் சாப்பாட்டுக் கடையில் எதிரெதிரே இருக்கிறார்கள். ஷாங்காயில் தனக்கு ஒரு மனைவி கிடைத்தாள், அவள்தான் தன்னை மனிதனாக்கினாள், தன்னைப் பிடிக்க வந்தவர்கள் அவளைக் கொன்றுவிட்டார்கள் என்று மூத்தவன் சொல்கிறான். அவளின் படம் அவனுடைய மணிக்கூட்டுக்குள் இருக்கிறது. இளையவன் கேட்கிறான்: அந்தப் படத்தைக் காட்டு, அவளைக் கண்டால் நான் விலகிப் போய்விடுகிறேன், அவள் உயிரோடு இருப்பாள். மூத்தவன் காட்ட மறுக்கிறான்.

அவளைக் காப்பாற்ற வந்தவன், அவளைக் காப்பாற்றும் ஆக எளிய வழியை மறுக்கிறான். படம் முழுவதும் இந்த ஒரு மறுப்பில் தொங்குகிறது என்பது என் எண்ணம். அது சுத்தச் சுயநலம் என்றேன். தம்பி இல்லை என்கிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்குமாஸ்ரர் எழுதியது:

தம்பி, நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர். ஆனால் அதற்குப் போக முன்னர் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும், ஏனென்றால் என்னிடம் படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

மூத்த ஜோவின் வருகை படத்தில் இரண்டு தடவை நடக்கிறது. ஒரு தடவை அவன் முகம் மூடாமல் வருகிறான். இளையவன் ஒரு கணம் தயங்க, மூத்தவன் முதுகைத் திருப்பி வெடியைத் தங்கக் கட்டிகளில் வாங்கிக்கொண்டு, இளையவனை அடித்து விழுத்திவிட்டு ஓடுகிறான். மற்றத் தடவை அவன் முகம் மூடி வருகிறான், சுடப்படுகிறான், இளையவன் தங்கத்தோடு முப்பது வருடம் வாழப் போகிறான். இரண்டாவதாகக் காட்டுவதுதான் முதலில் நடந்தது. அந்த முப்பது வருடத்தின் முடிவில் மனைவி கொல்லப்பட, அவன் பிடித்தவர்களை அடித்துவிட்டுத் தானாகவே இயந்திரத்துக்குள் போகிறான். அதனால்தான் இந்தத் தடவை முகத்தில் துணி இல்லை. இதை ஒரு கோடாகக் கீறினால் குழம்பும். கொப்பியில் எழுதி அழித்து, அதன்மேல் திரும்ப எழுதினது போல நினைத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்தின் அச்சு தாளில் கொஞ்சம் தெரியும்.

அந்த அச்சுத்தான் மூத்தவனின் நினைவு. இளையவன் ஒன்றைச் செய்தால்தான் மூத்தவனுக்கு அது நினைவில் வருகிறது. செய்யும்வரை எல்லாம் பனிப்புகார் மூடியதுபோல.

குறையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஜோவின் நண்பன் சேத். அவனுடைய மூத்த உருவம் தப்பி ஓடுகையில், இளைய சேத்தைப் பிடித்து வெட்டுகிறார்கள். ஓடுகிறவனின் விரல் ஒவ்வொன்றாக மறைகிறது, பிறகு மூக்கு, பிறகு கால். பார்க்க நெஞ்சு பதறும். ஆனால் 2044இல் கால் போனவன் முப்பது வருடம் கால் இல்லாமல் இருந்திருப்பான் அல்லவா? அப்படியானால் சற்று முன்னர் வேலி ஏறிப் பாய்ந்தது யார்? கணக்கு உதைக்கிறது.

சந்திக்கடை எழுதியது:

சேர், கணக்கு உதைத்தாலும் அந்தக் காட்சியை எடுத்துவிட்டால் படமே இல்லை. கடந்த காலத்தில் ஒருவனுக்குச் செய்தது இன்று அவனுடைய உடம்பில் தெரியும் என்பதை இதைவிட நேராக யாரும் காட்டியதில்லை. இளைய ஜோ தன் கையில் பெயரைக் கீறித்தானே மூத்தவனைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிடுகிறான்? காயம் கடிதமாகிறது.

தமிழில் ‘மாநாடு’ பார்த்தபோது இப்படி ஒரு சந்தோசம் வந்தது. அதிலும் கொலைச் சதி, அதிலும் காலம். ஆனால் அங்கே நாயகன் ஒவ்வொரு தடவையும் புதிதாக எழும்புகிறான், உடம்பில் ஒன்றும் மிஞ்சாது. இங்கே மிஞ்சுகிறது. அதுதான் வித்தியாசம்.

மடுவீதி எழுதியது:

சேத்தைப் பற்றிக் கதைக்கிறீர்கள், அவன் எப்படிப் பிடிபட்டான் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவன் ஓடிவந்து ஒளித்தது ஜோவின் வீட்டில். ஜோ அவனைத் தன்னுடைய வெள்ளிக் கட்டிகள் இருக்கிற நிலக்கீழ்ப் பெட்டகத்துக்குள்தான் இறக்கினான். கோஷ்டித் தலைவன் ஏப் அமைதியாகக் கேட்கிறான்: நண்பனைத் தருகிறாயா, சேர்த்துவைத்த வெள்ளியில் அரைவாசியைத் தருகிறாயா? ஜோ நண்பனைக் கொடுக்கிறான்.

நான் மாதாவின் காலடியில் வளர்ந்தவன். முப்பது வெள்ளிக்காசு என்றால் எங்களுக்கு யேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் நினைவுதான் வரும். இயக்குநர் அதை நினைத்தாரோ இல்லையோ, வெள்ளிக்காகத் தோழனைக் காட்டிக்கொடுத்தவன் கடைசியில் என்ன செய்கிறான் என்று பார்க்கிறபோது என் மனம் அங்கேதான் போகிறது. காவல்கொட்டில் அண்ணை, நீங்கள் மணிக்கூட்டுப் படத்தில் படம் தொங்குகிறது என்கிறீர்கள். எனக்கு இந்தப் பெட்டகத்தில் தொங்குகிறது. இளையவனும் அவ்வளவு சுத்தமானவன் இல்லை. மூத்தவனைச் சுயநலக்காரன் என்று சொல்ல அவனுக்கு என்ன தகுதி?

ஒட்டுசுட்டான்காரன் எழுதியது:

ஒன்று சொல்லட்டுமா? கோபிக்க வேண்டாம். தறப்பாள் என்றதும் முகாம், காயம் என்றதும் எங்கள் காயம். ஒரு படத்தைப் படமாகப் பார்க்க எங்களுக்கு எப்போது முடியும்? இது கன்சாஸ் கதை. பழைய துப்பறியும் படங்களின் சாயலையும், தனித்த தோட்டவீட்டையும் சேர்த்து ஒருவர் பக்குவமாகச் செய்த படம். அந்த வேலையைப் பற்றியும் கதைப்போம்.

உதாரணத்துக்கு, லெவிட்டின் முகம். வில்லிஸின் இளமை போலத் தெரிய, ஒவ்வொரு நாளும் மூன்று மணிநேரம் மூக்கும் உதடும் ஒட்டினார்கள். செய்தவர் கசுஹிரோ சுஜி. ஆனால் ஒட்டிய மூக்கைவிட அவர் வில்லிஸின் பேச்சைப் பிடித்த விதம்தான் பெரிது. வாயின் ஒரு ஓரத்தால் கதைப்பது, கண்ணை இடுக்குவது. கடையில் இருவரும் ஒரே சாப்பாட்டைக் கேட்கும்போது நான் நம்பிவிட்டேன்.

இன்னொன்று: மூத்த ஜோவின் வாழ்க்கையை முதலில் பாரிஸில் எடுப்பதாகத்தான் இருந்தது. சீனக் கம்பனி ஒன்று தயாரிப்பில் சேர்ந்ததால் ஷாங்காய் ஆனது. படத்துக்குள்ளும் ஜோ பிரெஞ்சு படிக்கிறான். எதிர்காலத்தில் இருந்து வந்த ஏப், சீனாவுக்குப் போ என்று அவனுக்குப் புத்தி சொல்கிறான். தயாரிப்பில் வந்த மாற்றத்தைக் கதையின் காலப்பயணத்துக்குள்ளேயே மடித்து வைத்தது என்ன அழகு! 3 கோடி டொலர் அளவில் முடித்த படம், உலகம் முழுக்க 17 கோடிக்கு மேல் எடுத்தது. ஹொலிவுட் கணக்கில் 3 கோடி சிறு காசு.

வட்டக்கச்சிஅக்கா எழுதியது:

ஒட்டுசுட்டான் தம்பி, நீங்கள் சொல்வது சரி, அவர்களின் வேலையை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் நாங்கள் இழுத்து வைக்கவில்லை. அது தானாக வந்து பக்கத்தில் இருக்கிறது. எழும்பிப் போ என்று என்னால் சொல்ல முடியாது.

மகன் சொல்லித்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். துவக்குச் சண்டை எனக்குப் பிடிக்காது, பாதியில் நிறுத்த இருந்தேன். அப்போதுதான் ஒரு காட்சி வந்தது. மூத்தவன் தனியே ஒரு இடத்தில் ஒதுங்கி இருந்து, மனைவியை முதன்முதல் கண்ட கணத்தை நினைவில் பிடித்து வைக்கப் படாதபாடு படுகிறான். இங்கே இளையவன் வேறு ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விட்டான், பாதை மாறுகிறது, அவனுக்குள் அவளின் முகம் அழியத் தொடங்குகிறது. ஒரு மனிதன் முகம் ஒன்றைப் பிடித்து வைக்கப் படும் பாட்டை நான் வேறு படத்தில் கண்டதில்லை.

எங்கள் அல்பம் தேவிபுரத்தில் ஒரு பங்கருக்குள் போய்விட்டது. மழையில் நனையக்கூடாது என்று பொலித்தீனில் சுற்றி, அரிசிச் சாக்குக்குக் கீழே வைத்தது நான்தான். எடுக்க நேரம் இருக்கவில்லை. தங்கச்சி அதற்குப் பிறகு எங்களோடு இல்லை. அவளின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பல வருடம் கழித்து, அவளோடு படித்த பிள்ளை ஒருத்தி கனடாவில் இருந்து வகுப்புப் படம் அனுப்பினாள். இரண்டாம் வரிசையில் நிற்கிறாள். முன்னுக்கு நிற்கிற பிள்ளையின் தலை அவளின் நாடியை மறைக்கிறது. நான் போனில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்பேன். கண் வரும், மூக்கு வரும், அதற்குக் கீழே மற்றப் பிள்ளையின் ரிப்பன்.

ஆகவே அந்த மனிதன் படத்தைக் காட்ட மறுத்ததில் எனக்கு ஒரு குற்றமும் தெரியவில்லை. அவளைத் தெரியாமலே இருந்துவிடு, அவள் பிழைப்பாள் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால் நான் என்ன செய்வேன்? யோசிக்கிறேன். உடனே ஓம் என்று சொல்ல வேண்டும். சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த ஓம் தொண்டையில் இருந்து வரக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான் படம் காட்டுகிறது.

குற்றம் அதற்குப் பிறகு வருகிறது. அவன் கொல்லத் தேடிப் போன பிள்ளைகளில் முதல் பிள்ளையின் வாசலில்.

காவல்கொட்டில் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. சுயநலம் என்று நான் எழுதிய சொல்லை மீளப் பெறுகிறேன். அது அவசரச் சொல்.

நீங்கள் சொன்ன வாசல்தான் உண்மையான இடம். எதிர்காலத்தில் எல்லா லூப்பர்களையும் முடித்துக்கொண்டு வருகிறவனுக்கு ரெயின்மேக்கர் என்று பெயர். 2044இல் அவன் ஒரு குழந்தை. மூன்று பிள்ளைகளில் ஒருவன், எவன் என்று தெரியாது. மூத்தவன் மூன்று விலாசங்களோடு கிளம்புகிறான். முதல் பிள்ளை அவன் தேடிய பிள்ளை இல்லை. சுட்டுவிட்டு, தனியே போய் உடைந்து அழுகிறான். அழுதுவிட்டு அடுத்த விலாசத்துக்குப் போகிறான். எனக்கு அந்த அழுகையைவிட, அழுதபிறகும் அவன் நடந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது. நேசத்தின் பெயரால் தொடங்கினவன், இப்போது நிறுத்தினால் முதல் பிள்ளையைக் கொன்றதற்கு அர்த்தமில்லாமல் போய்விடும் என்று மேலே போகிறான்.

மறுபக்கம் சாரா. எமிலி பிளண்ட் நடித்தது. பெற்ற பிள்ளையைச் சகோதரியிடம் விட்டுவிட்டு நகரத்தில் திரிந்தவள், சகோதரி செத்த பிறகு திரும்பி வந்து, தன்னைத் தாய் என்று ஏற்காத பிள்ளையை வளர்க்கிறாள். அந்தப் பிள்ளைதான் சிட், மூவரில் ஒருவன். அவன் கோபப்பட்டால் வீடே தூக்கி எறியப்படும், அவ்வளவு சக்தி அந்தச் சின்ன உடம்புக்குள். அவள் என்ன செய்கிறாள்? பயப்படுகிறாள், பெட்டகத்துக்குள் போய் ஒளிக்கிறாள், பிறகு வெளியே வந்து அவனைக் கட்டிப்பிடிக்கிறாள். நான் வளர்த்தால் இவன் நல்லவனாக வருவான் என்று நம்புகிறாள். ஆதாரம் ஒன்றும் இல்லை. காலப்பயணம் தெரிந்த மூத்தவனிடம் ஆதாரம் முழுவதும் இருக்கிறது, முடிவில் பிழைபோவது அவன்தான்.

சந்திக்கடை எழுதியது:

முடிவு பற்றி எனக்கு ஒரு ஆவலாதி. தாய் குறுக்கே நிற்கிறாள், மூத்தவன் சுடப் போகிறான், இளையவன் தூரத்தில். தன்னைத் தானே சுட்டு மூத்தவனை இல்லாமல் ஆக்குகிறான். நெஞ்சில் ஏன்? சேத்துக்கு நடந்ததைக் கண்டவன்தானே? தன்னுடைய வலது கையைச் சுட்டிருந்தால் மூத்தவனின் கையில் துவக்கு இருந்திராது. எல்லோரும் பிழைத்திருப்பார்கள்.

கணக்குமாஸ்ரர் எழுதியது:

மூத்தவனை நேரே ஏன் சுடவில்லை என்பதற்கு விடை படத்திலேயே இருக்கிறது. லூப்பர்களின் துவக்கு கிட்ட நிற்கிறவனுக்கு மட்டும்தான். பதினைந்து யார் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் படாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அதை நான் மிகக் கெட்டியான கதைவேலை என்பேன்.

கையைப் பற்றிய கேள்வி நியாயமானது. அந்தக் கணத்துக்கு அது போதும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வட்டக்கச்சிஅக்கா எழுதியது:

கையை எடுத்தாலும் அந்த மனிதன் மற்றக் கையோடு வருவான், சேர். நாளைக்கு வருவான், அடுத்த மாதம் வருவான். இளையவனுக்கு அது தெரியும், ஏனென்றால் அது அவன்தான். இவ்வளவு நேரமும் மூத்தவனை வேறு ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவன், அங்கே நிற்கும்போதுதான் இது நான் என்று பார்க்கிறான். தாய் சாவாள், பிள்ளை தனியே ஓடுவான், அந்த வெறுப்பில் வளர்ந்து ரெயின்மேக்கர் ஆவான், திரும்பவும் இதே வயல். மூத்தவன்தான் தான் தேடி வந்தவனை உருவாக்கப் போகிறான். கை போதாது.

மடுவீதி எழுதியது:

அக்கா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். வெள்ளிக்காக நண்பனைக் கொடுத்தவன் கடைசியில் தனக்கு மிஞ்சியிருந்த முப்பது வருடத்தையும் கொடுத்தான். அதைக் கையோடு நிறுத்தியிருந்தால் எனக்குப் போதாமல் இருந்திருக்கும்.

ஒட்டுசுட்டான்காரன் எழுதியது:

இன்றிரவு திரும்பப் பார்த்தேன். வில்லிஸின் காட்சிகளில் மனம் கனத்துவிட்டது. 2022இல் பேச்சைப் பாதிக்கும் நோய் என்று சொல்லி அவரின் குடும்பத்தார் அவர் நடிப்பில் இருந்து விலகுவதை அறிவித்தார்கள். 2023இல் அது மறதிநோயின் ஒரு வகை என்று தெரியவந்தது. பத்து வருடம் முன்னர் எடுத்த படத்தில் அவர் நினைவு மங்குவதைப் பற்றிக் கதைக்கிறார், முகம் ஒன்றைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார். அக்கா எழுதியதை வாசித்துவிட்டு அந்தக் காட்சிக்கு வந்தபோது, படத்தைப் படமாக மட்டும் பார்க்க என்னாலும் முடியவில்லை.

கமராப்பெடியன் எழுதியது:

வணக்கம் அண்ணைமார், அக்கா. கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். கலியாண வீடியோ எடுப்பதுதான் தொழில். ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் என்று மூன்று வருடமாக மனதுக்குள் இருக்கிறது. இந்த இழையை இரண்டு தடவை வாசித்தேன்.

‘லூப்பர்’ எனக்குக் கற்றுத் தந்தது ஒன்று உண்டு. எதிர்காலத்தில் இருந்து ஆள் வருகிற காட்சியில் மின்னல் இல்லை, புகை இல்லை. வெறும் தறப்பாள், அடுத்த கணம் ஆள். ஒரே ஒரு வெட்டு. கமராவை முக்காலியில் அசையாமல் வைத்து, வெறும் இடத்தை எடுத்துவிட்டு, ஆளை முழங்காலில் இருத்தி எடுத்தால் சரி. இடையில் வெயில் மாறக்கூடாது, நிழல் நகரக்கூடாது. காற்றுக்குப் பயிர் ஆடினால் வெட்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அறுவடை முடிந்த வயல்தான் நல்லது. 2004இல் வந்த ‘பிரைமர்’ என்ற காலப்பயணப் படத்தை 7,000 டொலரில் முடித்திருக்கிறார்கள். எனக்கு அதுவும் பெரிய காசுதான், ஆனால் ஒரு வயலும் இரண்டு ஆட்களும் என்றால் என்னால் முடியும்.

என் கதையில் துவக்கு இல்லை. வயலுக்குள் ஒரு வயதான அம்மா வந்து இறங்குகிறா. அங்கே நிற்கிற இளம் பெண் அவவேதான். இருவரும் கதைக்கிறார்கள், அவ்வளவுதான். காவல்கொட்டில் அண்ணை, உங்கள் வயல் கிடைக்குமா?

காவல்கொட்டில் எழுதியது:

வயல் இருக்கிறது தம்பி. மாசியில் வெட்டி முடியும், பிறகு ஒட்டுத்தான் நிற்கும், ஆடாது. காலை ஆறரைக்கு வந்தால் கிழக்கு வெயில் வரம்பு நீளத்துக்கு விழும். அந்த நேரம் நிழல் வேகமாக நகரும், உங்கள் வெட்டைக் கெதியாக முடித்துக்கொள்ளுங்கள். தறப்பாளும் இருக்கிறது, செட்டிகுளத்தில் இருந்து வந்ததுதான். ஒரு மூலை கிழிந்திருக்கிறது, பரவாயில்லையா? அம்மா நெல் காயப்போட இன்னும் அதைத்தான் விரிக்கிறா. மாசி மாதத்தில் அவவுக்கும் தேவைப்படும், படம் எடுத்த அன்றே திருப்பித் தர வேண்டும்.

வட்டக்கச்சிஅக்கா எழுதியது:

தம்பி கமராப்பெடியன், உங்கள் அம்மாவின் கையில் மணிக்கூடோ கைப்பையோ ஏதாவது இருக்கும், அதற்குள் ஒரு படம் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் அந்த வகுப்புப் படத்தின் பிரதியைத் தருகிறேன். கிட்டக் காட்டத் தேவையில்லை. உள்ளே இருக்கிறது என்று நடிக்கிறவவுக்குத் தெரிந்தால் போதும்.

கமராப்பெடியன் எழுதியது:

காட்ட மாட்டேன் அக்கா. மூடித் திறக்கிற மணிக்கூடு இன்னும் கிடைக்கவில்லை, யாழ்ப்பாணத்தில் பழைய கடைகளில் விசாரிக்கிறேன். அண்ணை, தறப்பாளைக் கழுவ வேண்டாம், அப்படியே இருக்கட்டும். ஆறு மணிக்கே வந்துவிடுவேன்.